தேடியதை மெய்ப்பி!

உண்டு என்பவன்தான் சான்று காட்டவேண்டும். இல்லை என்பவனிடம் சான்று கேட்பது முறையன்று. பகுத்தறிவாளர் மேடைதோறும் எடுத்துரைக்கும் நெறி இது. ஆனால், வேலையிழந்த ஏழையிடம் மட்டும் இந்த நெறியைத் தலைகீழாகத் திருப்பினர், ஒரு நாட்டில், ஒரு காலத்தில். எந்த நாட்டில்? நீதிக்கு இலக்கணம் என்று நம்மவர் பலர் வாயாரப் புகழ்ந்த இங்கிலாந்தில்!

தொடக்கம் நல்லதாகவே இருந்தது. 1911இல் இயற்றப்பட்ட தேசியக் காப்பீட்டுச் சட்டம், வேலையின்மை தலைவிதியுமன்று, சோம்பலுமன்று, தொழில் அமைப்பின் கோளாறு என்பதை ஏற்றுக்கொண்டது. கப்பல் கட்டுவோர், பொறித்தொழிலாளர், கட்டட வேலையாளர் எனச் சுமார் 22½ இலட்சம் பேர் அதில் சேர்க்கப்பட்டனர். வாரந்தோறும் தொழிலாளி 2½ பென்சு, முதலாளி 2½ பென்சு செலுத்த, அரசும் தன் பங்கை இட்டது. 1913 சனவரி முதல், வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம் வரை கிடைத்தது. கேட்பவன் இரவலன் அல்லன். தான் கட்டிய பணத்தைக் கேட்கும் உரிமையாளன்! வேலை போனதும் காப்பீட்டுப் புத்தகத்தை வேலைவாய்ப்பு நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். குறித்த நாட்களில் சென்று கையொப்பமிடவேண்டும். மறுக்கப்பட்டால் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அதில் முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர்.

1920இல் திட்டம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு விரிந்தது. வயலில் உழைத்தவருக்கும் வீட்டுவேலை செய்தவருக்கும் இடமில்லை. எங்கும் அவர்கள்தானே கடைசி!

விரிந்த மறு ஆண்டே தொழில் மந்தம் சூழ்ந்தது. 1921இல், சந்தா தீர்ந்தபின் உதவி கேட்டவர்கள்மீது ஒரு விதி பாய்ந்தது. வேலை இல்லாதிருந்தால் மட்டும் போதாது. மெய்யாகவே வேலை தேடினேன் என்று மெய்ப்பிக்கவேண்டும்! 1924இல் அதை எல்லா விண்ணப்பத்துக்கும் நீட்டியது யார் தெரியுமா? தொழிலாளர் பெயரால் அரியணை ஏறிய தொழிற்கட்சி ஆட்சி!

நேற்று எங்கே சென்றாய்? யாரைக் கண்டாய்? அதற்கு முன்தினம்? குழுவினர் கேட்பர், குழறுவான் தொழிலாளி. மூடிய சுரங்கத்தின் வாயிலில், வேலை இல்லை என்று ஊரே அறிந்த இடத்தில், நாள்தோறும் சென்று கேட்டாகவேண்டும். இல்லாத ஒன்றை உள்ளன்போடு தேடினேன் என்று காட்டும் இந்தச் சடங்கு நமக்குப் புதிதா என்ன? நம் நாட்டில் அதற்குக் கோயில் உண்டு. அங்கே ஆலை வாயில்!

பெண்ணுக்கோ இரட்டைச் சுமை. ஆலையில் வேலையிழந்தவளிடம், சீமாட்டி வீட்டில் பணிப்பெண்ணாகப் போ என்பர். போனால் காப்பீடே இல்லாத தொழில். மறுத்தால் உதவி இல்லை. 1921 முதல் 1930 வரை இந்த ஒரு விதியால் தள்ளப்பட்ட விண்ணப்பங்கள் ஏறத்தாழ 30 இலட்சம்.

தொழிற்சங்கங்கள் விடவில்லை. 1930இல் சுமை இடம் மாறியது. தக்க வேலை தரப்பட்டது, இவன் மறுத்தான் என்று காட்டினால்தான் இனி உதவியை நிறுத்தலாம்.

அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1931இல் ஆடவருக்கான 17 ஷில்லிங், 15 ஷில்லிங் 3 பென்சாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் குடும்ப வருமானச் சோதனை வந்தது. 26 வாரம் கடந்தவன் வீட்டுக்குள் அதிகாரி நுழைவான். மகன் கூலி, மகள் கூலி, தாயின் ஓய்வூதியம் யாவும் கணக்கில் ஏறும். தந்தை உதவி பெற மகன் வேறு வீடு தேடிய கொடுமையும் உண்டு. 1932 சூனில் பெரியார் மெக்ஸ்பரோ நகரில், இந்தியத் தொழிலாளியின் அவலத்தைக் காட்டித் தொழிற்கட்சியை இடித்துரைத்தாரே, அப்போது அவர் எதிரே திரண்டிருந்த தொழிலாளரின் நாட்டில் இந்தச் சோதனை ஏழு திங்களாக நடந்துகொண்டிருந்தது.

1936 அக்டோபரில், கப்பல் தளம் மூடப்பட்ட ஜாரோ நகரிலிருந்து 200 பேர் இலண்டனுக்கு நடந்தனர். 11,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் எல்லென் வில்கின்சன் அவையில் அளித்தார். நவம்பரில் இரயிலேறி ஊர் திரும்பினர். நகரம் ஆரவாரித்து வரவேற்றது. உதவித்தொகை வாங்கச் சென்றபோது அது குறைந்திருந்தது. நடந்துசென்ற நாட்களில் வேலை வந்திருந்தால் ஏற்க அவர்கள் ஊரில் இல்லையாம்!