மண்டியிட மறுத்த பிரபு

உடுமலைப்பேட்டைக்கு வடகிழக்கே தாராபுரம்; தென்கிழக்கே பழனி; மேற்கே கணவாயைக் கடந்தால் பாலக்காடு. இவற்றின் நடுவே கிடக்கும் நமது சீமை, 1783-இல் ஒரு படையின் காலடியில் சிக்கி, மறு ஆண்டே ஒரு தாளின் வழியாகக் கைமாறிற்று. தலையெழுத்து என்பார் உண்டு. நாம் காண்பதோ வெறும் தாளெழுத்து! அத்தாளுக்குக் காரணமான கவர்னர் ஆங்கிலேயரும் அல்லர். அயர்லாந்துப் பிரபு ஒருவர். பெயர் ஜார்ஜ் மக்கார்ட்னி.

1737-இல் ஆன்ட்ரிம் வட்டாரத்தில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி நிலம் சேர்த்த குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தேழாம் வயதில் ருஷியப் பேரரசி கேதரினின் அரசவைக்குத் தூதராகச் சென்று, 1766-இல் வாணிப ஒப்பந்தம் செய்துகொண்டார். 1768-இல் முன்னாள் பிரதமர் பியூட் பிரபுவின் மகளை மணந்தார். அரண்மனைக் கதவுகள் அவருக்கு எப்படித் திறந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ? அடுத்த ஆண்டே அயர்லாந்தின் தலைமைச் செயலாளர். அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களுக்கோ அந்நாளில் வாக்குரிமையும் இல்லை, சொந்த நாட்டின் சட்டமன்றத்தில் இடமும் இல்லை. சொந்த மண்ணின் மக்களை மேலிருந்தே பார்த்துப் பழகிய கண்களோடுதான் அவர் சென்னைக்கு வந்தார்.

வந்தது 1781 ஜூனில். ஐதர் அலியின் குதிரைப்படை கர்நாடகத்தைச் சூறையாடியிருந்தது. உழவர் ஊரை விட்டோடினர். சென்னையில் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. 1782-இல் கஞ்சி ஊற்றத் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவுதான், பின்னாளில் மக்கள் நாவில் 'கஞ்சித்தொட்டி' என்று நிலைத்தது. அந்நிலையிலும் ஆர்க்காட்டு நவாபின் வரி வருவாயைக் கும்பெனி தன் கைக்கு மாற்றிக்கொண்டது; ஆறிலொரு பங்கு மட்டும் நவாபுக்கு. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம்: நவாபின் அன்பளிப்புகளை மக்கார்ட்னி தீண்டவில்லை. வந்தவரெல்லாம் வாரிச் சென்ற கோட்டையில் அது அரிய குணமே. ஆனால் கை சுத்தமான கவர்னரின் ஆட்சியிலும் வரி வரிதான்!

1783-இல் கர்னல் புல்லார்ட்டன் தெற்கிலிருந்து புறப்பட்டார். ஜூனில் தாராபுரம் வீழ்ந்தது. இடையில் பாளையக்காரரை அடக்கத் திரும்பி, ஆகஸ்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தார். நவம்பரில் பாலக்காடும் கோவையும் விழுந்தன. அடுத்தது சீரங்கப்பட்டணம் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தபோது, நில் என்றது சென்னை. மக்கார்ட்னியின் தூதர் மூவர் திப்புவைத் தேடி மங்களூர் சென்றிருந்தனர். 1784 மார்ச் 11-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று; பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு. கொங்குச் சீமை மீண்டும் திப்புவினிடம் சென்றது. படைக்குத் தானியம் தந்த குடியானவனை எவரேனும் ஒரு சொல் கேட்டனரா? 1790-இல் மீண்டும் படை வந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்த பின்னரே இச்சீமை கும்பெனியிடம் நிலைத்தது.

இடையில் ஒரு வேடிக்கை. கவர்னர் பிகாட்டை 1776-இல் சிறைப்பிடித்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்னும் தளபதி. அதே ஸ்டூவர்ட்டை, ஆணைக்கு அடங்கவில்லையென்று, 1783-இல் மக்கார்ட்னி சிறைப்பிடித்துக் கப்பலேற்றினார். போரில் ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் அதை மறக்கவில்லை. 1786-இல் லண்டனில் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார், மரத்தில் சாய்ந்து நின்று சுட்டார், மக்கார்ட்னி காயமுற்றார். நாகரிகம் கற்பிக்க வந்தோரின் வழக்குத் தீர்ப்பு முறை இது!

1793-இல் அவர் சீனப் பேரரசர் சியென்லுங்கின் முன் நின்றார். மங்களூருக்குத் தூது சென்ற ஸ்டான்டன் என்ற அயர்லாந்துக்காரர் இங்கும் உடனிருந்தார். மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை தலை தரையில் பட வணங்க வேண்டும் என்பது அவ்வரசவையின் முறை. முடியாது என்றார் மக்கார்ட்னி. தம் மன்னருக்குச் செய்வது போல் ஒரு காலை மட்டுமே மடித்தார். அந்த மறுப்பை நாம் இகழமாட்டோம். மனிதன் மனிதன் முன் தரையில் விழலாகாது. ஆனால் நவாபின் முன்னும், கோட்டை வாயிலில் கஞ்சிக்கு நின்ற கூட்டத்தின் முன்னும், அவர் எந்தக் காலையும் மடிக்கத் தேவையிருக்கவில்லை. அங்கே குனிந்தவர்கள் வேறு ஆட்கள். சீனப் பேரரசரோ கேட்ட வாணிபச் சலுகை ஒன்றையும் தராமல் திருப்பியனுப்பினார்.

வெறுங்கையோடு திரும்பியவருக்கு 1794-இல் ஏர்ல் பட்டம் கிடைத்தது. பின்னர் நன்னம்பிக்கை முனையில் கவர்னராக இருந்து, 1806-இல் லண்டனை அடுத்த சிசிக்கில் இறந்தார். பிள்ளையில்லை, பட்டமும் அவரோடு போயிற்று.