கார் ஆலை கேட்டவருக்குக் கிடைத்த விமான ஆலை: வால்சந்த் குடும்பமும் பெங்களூரும், 1935–1948

மோட்டார் வண்டி செய்த குடும்பங்கள் இரண்டாம் உலகப் போரில் விமானம் செய்யத் திரும்பியதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று ஃபோர்டு. மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன்னில் அக்குடும்பம் எழுப்பிய ஆலை, 1944-இல் ஏறத்தாழ மணிக்கு ஒன்றாக பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை வெளியே அனுப்பியது. மொத்தம் 8,685 விமானங்கள் அங்கு உருவாயின. அங்கே கார் முந்தியது, விமானம் பிந்தியது. இந்தியாவில் வரிசை மாறியது. கார் ஆலைக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த ஒரு குடும்பத்துக்கு விமான ஆலை முதலில் அமைந்தது. பதினாறு மாதத்தில் அது கைவிட்டும் போனது. இவ்விரண்டையும் தீர்மானித்தது அந்தக் குடும்பத்தின் திறமையோ திறமைக்குறைவோ அன்று, காலனி அரசின் போர்த்தேவையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வால்சந்த் ஹீராசந்த் 1882-இல் சோலாப்பூரில் பிறந்தவர். வணிகமும் வட்டித்தொழிலும் செய்த சமணக் குடும்பம். ரயில்வே ஒப்பந்தங்களில் கால் பதித்த அவர், 1919-இல் சிந்தியா கப்பல் நிறுவனத்தின் வழியே பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகளோடு நேருக்கு நேர் மோதினார். மைசூரின் முன்னாள் திவான் விசுவேசுவரய்யா 1930-களின் நடுவில் இந்தியக் கார் ஆலைக்கென ஒரு திட்டம் தீட்டியபோது, அதை ஏற்றுச் சுமக்க முன்வந்தவர்களில் வால்சந்த் முக்கியமானவர். பம்பாயில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவை ஆதரவு காட்டியது. 1939-இல் அது பதவி விலகியதும் அந்தக் கை விழுந்தது. ஃபோர்டுடன் பேசிப் பலன் இல்லாமல் போக, 1940-இல் கிரைஸ்லரோடு உடன்பாடு கண்டார். ஆயினும் இந்திய அரசு அசையவில்லை. கார்த் தொழில் போருக்கு இன்றியமையாதது அன்று என்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தது. சென்னையிலும் ஃபோர்டு அதையே செய்தது. அயல்நாட்டார் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டலாம், இந்தியர் முழுவண்டி செய்யக்கூடாது என்ற நிலை எவ்வளவு அநியாயமானது என்பதை அன்றைய தொழிலதிபர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள்.

இந்தக் கார் அலைச்சலின் நடுவேதான், 1939-இல் ஒரு விமானப் பயணத்தில், வில்லியம் பாலி என்ற அமெரிக்கரை வால்சந்த் சந்தித்தார். சீன அரசுக்காக அங்கே விமான ஆலை நடத்திவந்தவர் பாலி. சீனாவில் முடிவது இந்தியாவில் ஏன் முடியாது என்ற கேள்வி வால்சந்தைப் பற்றிக்கொண்டது. தற்செயலான இச்சந்திப்பைப் பெரிதாக்கிச் சொல்வோர் உண்டு. ஆனால் 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்திராவிட்டால், அந்தச் சந்திப்பிலிருந்து ஒன்றும் முளைத்திருக்காது என்றே நான் கருதுகிறேன். தன் வானத்தைக் காக்கவே திணறிய பிரிட்டனால் இந்தியாவுக்கு விமானம் அனுப்ப இயலவில்லை. காருக்கு அடைத்திருந்த கதவு விமானத்துக்குத் திறந்தது.

இடம் கொடுத்தது மைசூர் சமஸ்தானம். திவான் மிர்சா இஸ்மாயில் நிலமும் 25 லட்சம் ரூபாய் மூலதனமும் தந்தார். வால்சந்த் தரப்பும் 25 லட்சம் போட்டது. பெங்களூர் கடற்கரையிலிருந்து தள்ளி இருந்தது. சிவசமுத்திரத்து மின்சாரம் கிடைத்தது. இந்திய அறிவியல் கழகமும் அருகிலேயே இருந்தது. 1940 டிசம்பர் 23-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பதிவானது. வால்சந்தோடு துளசிதாஸ் கிலாசந்த், கட்டாவ் ஆகியோர் சேர்ந்த நிறுவனம் நிர்வாகத்தை ஏற்றது. 1941 மார்ச்சில் இந்திய அரசும் மூன்றில் ஒரு பங்குக்காரராக உள்ளே வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஹார்லோ பயிற்சி விமானம் பறந்தது. 1942 ஜூலையில் கர்டிஸ் ஹாக் சண்டை விமானம். அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியதே இதில் பெரும்பகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. வயல்வெளியில் ஆலை எழுப்பி, ஆட்களைப் பழக்கி, எட்டே மாதத்தில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டது அதனால் சிறிதாகிவிடாது.

ஹாக் பறந்தபோது ஆலை வால்சந்திடம் இல்லை. 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையைக் காலிசெய்யச் சொன்னார்கள். கடலூர், பரங்கிப்பேட்டை உள்ளிட்ட சோழமண்டலக் கரை முழுவதும் போர்முனைக்கு எதிரே நின்றது. அந்த ஏப்ரலிலேயே இந்திய அரசு வால்சந்த் தரப்பின் பங்குகளை நல்ல விலை கொடுத்து வாங்கி, நிர்வாகத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. மைசூர் பங்கை வைத்துக்கொண்டு நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியது. 1943-இல் ஆலை அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்கு மாறியது. புதிய விமானம் செய்வது நின்று, பழுதுபார்ப்பே பிரதானத் தொழிலாயிற்று.

தென்னார்க்காட்டில் இப்போரின் தடத்தைத் தேடுவோருக்கு உளுந்தூர்பேட்டை இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகப் போனால் எட்டிவிடும் அவ்வூரில் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் உண்டு. சோழவரம், செட்டிநாடு, கயத்தாறு என்று அதே காலத்து ஓடுதளங்கள் தமிழகத்தில் வேறு இடங்களிலும் உள்ளன. இத்தனை ஓடுதளங்களுக்கும் பின்னால் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை ஒன்று எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொண்டால், பெங்களூர் ஆலையின் போக்கு மாறியதன் காரணம் விளங்கும்.

தமிழகத்தின் குடும்ப நிறுவனம் ஒன்றின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பஸ் ஓட்டியது, மோட்டார் வண்டி விற்றது. போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் செய்யத் தொடங்கியது. பஸ்ஸின் பின்புறம் பொருத்திய இரும்பு உருளையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் கிளம்பும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவார்கள். கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பே கரியை மூட்டிக் காற்றாடியைச் சுற்ற வேண்டும்; ஏற்றத்தில் வண்டி இழுக்காது. ஆனாலும் மாகாணத்தின் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. இந்தத் தொழில் அந்தக் குடும்பத்திடமே இருந்தது. பஸ் ஓடுவதில் அரசுக்கு அக்கறை உண்டு. அதற்காக ஒரு பட்டறையைக் கைப்பற்ற வேண்டிய தேவை இல்லை. போர் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவைத்தது என்பதை இவ்விரு குடும்பங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகக் காண முடிகிறது.

வால்சந்த் காரை விடவில்லை. 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பதிவானது. 1947-இல் பம்பாய் குர்லாவிலிருந்து கிரைஸ்லர் ரக வண்டிகள் வெளிவந்தன. அதற்குள் பிர்லா குடும்பம் 1942-இலேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கிவிட்டது. 1953-இல் வால்சந்த் மறைந்தார்.

பெங்களூர் ஆலை கற்ற தொழிலின் பலன் 1948-இல் தெரிந்தது. மீண்டும் எவரும் பறக்கவிடாதபடி சேதப்படுத்தி, போருக்குப் பின் பிரிட்டிஷார் கான்பூரில் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர்கள் அங்கே குவிந்து கிடந்தன. வில்லோ ரன்னில் மணிக்கொன்றாகப் பிறந்த அதே ரகம். பெங்களூர்த் தொழிலாளர்கள் கான்பூருக்குப் போய், ஒன்றின் உறுப்பை எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குக் கொண்டுவந்து முழுமையாகச் செப்பனிட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவை இப்படி மீண்டன. இந்திய விமானப்படையின் 5-ஆம் அணி அவற்றைக் கொண்டே 1948 நவம்பரில் அமைந்தது. அந்த விமானங்கள் 1968 வரை பணியில் இருந்தன.