மன்னார் வளைகுடாவின் இரண்டு ரூபாய்கள்

2022 ஜூன் மாதம் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. முந்தைய மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் போயிருந்தது. இலங்கை மக்களுக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள் அனுப்புவதற்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை ஏப்ரல் 29 அன்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. பசித்தவருக்குச் சோறு என்ற அளவில் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஆனால் புள்ளிவிவரத்தைக் கையில் எடுத்தால் ஒரு சிக்கல் எழுகிறது. உலக வங்கியின் கணக்குப்படி 2021இல் இலங்கையின் தனிநபர் உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 4,000 டாலர். இந்தியாவினுடையது 2,300 டாலரைத் தொடவில்லை. இந்திய சராசரியைவிட உயர்ந்து நிற்கும் தமிழ்நாட்டைத் தனியே பிரித்து எடுத்தாலும் அது இலங்கையை எட்டியிருக்கவில்லை. சராசரிக் கணக்கில் வசதியான நாடு, வசதி குறைந்த நாட்டிடம் அரிசி வாங்க நேர்ந்தது.

அயல்நாடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைத் தனிநபர் வருமானத்தால் அளப்பது இயல்பான காலத்துக்குப் பொருந்தலாம். நெருக்கடிக் காலத்தில் அந்த அளவுகோல் உடைந்துபோகிறது. அப்போது தேவைப்படும் கேள்விகள் வேறு. கடன் எந்த நாணயத்தில் நிற்கிறது? தவணையைத் தள்ளிப்போடக் கையிருப்பு உண்டா? எல்லாம் போனால் மக்கள் போய் நிற்க இன்னொரு கரை இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியைப் பொருளியலாளர்கள் அதிகம் கேட்பதில்லை. நாசரேத்துப் பக்கத்துக் குடும்ப வரலாறுகளோ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

நாசரேத் கடலோர ஊர் அல்ல. திருச்செந்தூர்க் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண் தேரிக்கும் பனைக்கும் நடுவே அமைந்த மிஷன் ஊர். பனையேற்று ஆண்டில் பாதி நாளுக்குத்தான் தொழில். கருப்பட்டிக் காலம் முடிந்தால் மிச்ச மாதங்களுக்கு வயிற்றுப்பாடு வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வந்தபோது அந்த மிச்ச மாதங்கள் ஆண்டு முழுவதுமாக நீண்டன. கேனன் மார்காஷியஸ் நாசரேத்தில் ஊழியத்தைத் தொடங்கிய ஆண்டுகள் அவை. அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது. ஊரில் தங்கியவர்களுக்கு மிஷன் துணை நின்றது. தங்க முடியாதவர்களுக்கு வழி கண்டிச் சீமை. 1877ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்து ஓரிரு ஆண்டே ஆகியிருந்தது. பிற்காலத்தில் கொள்ளைநோய் பயத்தால், கப்பலேறுவோரைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமில் தடுத்து வைத்து, சோதித்து அனுப்பினார்கள். பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது.

போனவர்கள் கடனோடுதான் போனார்கள். வழிச்செலவும் முன்பணமும் ஆள்சேர்த்த கங்காணியின் கணக்கில் ஏறின. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும்போது அந்தக் கடனை எழுதிய ஒரு காகிதம் கூடவே போகும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்துக்காரர் துண்டில் எழுதிய தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. தன் கடனின் விதிகளைத் தான் எழுத முடியாதவன் எவ்வளவு சம்பாதித்தாலும் சுதந்திரன் அல்ல என்பதைத் துண்டு காட்டுகிறது. நூறு ஆண்டுக்குப் பிறகு நாடுகளுக்கும் அதே நிலை வந்ததைக் காணப்போகிறோம்.

பணக்காரக் கரை என்று நம்பிப் போன கரையும் ஆடத்தான் செய்தது. இலைத்துரு நோயால் இலங்கையின் காப்பி அழிந்துகொண்டிருந்த நேரத்தில், 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தீவில் புழங்கிய காகிதப் பணத்தில் பெரும் பங்கு அந்த வங்கியின் நோட்டுகள்தான். ஆளுநர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசின் பொறுப்பை அறிவித்து பீதியை அடக்கினார். அதன்பின் அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. ஆளுநர் கைகொடுத்தது நோட்டு வைத்திருந்தவர்களுக்கு. நொடித்துப்போன காப்பித் தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி நின்றுபோன தமிழ்த் தொழிலாளிகளின் கையில் நோட்டு எது? அவர்களுக்கு இருந்த ஒரே காப்பு ஊர் திரும்பும் வழி. தோட்டம் சரிந்தால் இக்கரை, மழை பொய்த்தால் அக்கரை. எந்த அரசும் வகுக்காத இந்த ஏற்பாடு பல தலைமுறைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

முத்துக்குளிப்பிலும் இதே பாடம் உண்டு. 1905இல் மன்னார்ப் பக்கத்து முத்துப் பார்களில் வரலாறு காணாத அளவுக்குச் சிப்பி எடுத்தார்கள். தூத்துக்குடி, கீழக்கரைக் குளிகாரர்களும் அதில் மூச்சடக்கி மூழ்கியவர்கள். அந்த விளைச்சலைக் கண்ட லண்டன் கம்பெனி ஒன்று, அடுத்த ஆண்டே பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகையில் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின, கம்பெனி கலைந்தது. நல்ல ஆண்டின் வருமானத்தை நிரந்தரமென்று எண்ணி நீண்டகாலக் கடமையை ஏற்பவர் எவருக்கும் நேர்வது இதுதான்.

1930களின் பெருமந்தம்தான் இரு கரை ஏற்பாட்டுக்கு முதல் அடி. தேயிலை, ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களில் குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அரசுச் செலவில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை சுருங்கியபோது வெளியாள் யார் என்ற பேச்சு பெருத்தது. 1939இல் இலங்கை அரசுத் துறைகளில் இந்திய நாட்கூலிகளை விலக்கும் நடவடிக்கை வந்தது. பேச்சுவார்த்தைக்கு நேரு கொழும்பு சென்றும் பலனில்லை. பதிலுக்கு இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது, 1983க்குப் பின் போர் என்று ஒவ்வொன்றாகக் கதவு அடைபட்டது. ஒரு சந்தைச் சரிவில் பிறந்த அச்சம், சந்தை மீண்ட பிறகும் சட்டமாக நிலைத்துவிட்டது.

நாணயத்தின் கதை இன்னும் தெளிவானது. 1950இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கும்வரை இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன்பின்னும் இரண்டும் டாலருக்கு 4.76 என்றே நின்றன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை 7.50க்கு இறக்கியது. 1967 நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறக்கும்வரை, ஓர் இலங்கை ரூபாய் இந்திய ரூபாய் ஒன்றரைக்கும் மேல் பெறுமானம் உடையதாக இருந்தது. 1991இல் அந்நியச் செலாவணி வற்றி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் இந்தியா அடகு வைத்தபோது, உள்நாட்டுப் போரின் நடுவிலும் இலங்கையின் தனிநபர் வருமானம் இந்தியாவைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். 2022 நடுவிலோ ஓர் இந்திய ரூபாய்க்கு நாலரை இலங்கை ரூபாய். ‘பணக்கார அயல்நாடு’ என்பது எந்தக் கரைக்கும் நிலைத்த பெயராக இருந்ததில்லை.

1991இன் அடகு இந்தியாவுக்கு ஒரு பயத்தைக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பயத்தின் பலன்தான் 2021இல் 60,000 கோடி டாலரைத் தாண்டி நின்ற கையிருப்பு. இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டு வங்கிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் இருக்கிறது. இலங்கை எதிர்த்திசையில் போயிற்று. போர் முடிந்த பிறகு சலுகைக் கடன் குறைந்து, பன்னாட்டுச் சந்தையில் டாலர்ப் பத்திரங்கள் விற்றுக் கடன் பெருகியது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்ததும் அரசின் வருமானம் சரிந்தது. கொரோனாவில் சுற்றுலா நின்றது. 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது நெல்லையும் தேயிலையையும் அடித்தது. டாலரை 200 ரூபாய்க்கு அருகே செயற்கையாகப் பிடித்து வைத்ததால், வெளிநாட்டில் உழைப்போர் வங்கியை விட்டு வேறு வழியில் பணம் அனுப்பினர். 2020இல் 710 கோடி டாலராக வந்தது அடுத்த ஆண்டு 550 கோடியாகக் குறைந்தது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வருமானம் ரூபாயில், கடன் டாலரில். தோட்டத் தொழிலாளியின் துண்டு ஒரு நாட்டின் கையில் இருந்தது.

இந்தச் சரிவு வருவதைத் தூத்துக்குடிக் கடற்கரை இரண்டு ஆண்டு முன்பே காட்டியது. 2020இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அங்கே குழம்புக்கான மஞ்சள் கிலோ சில ஆயிரம் ரூபாய் என்றானது. இங்கே அதில் சிறு பங்கு விலைதான். அதன்பின் மூட்டை மூட்டையாக விரலி மஞ்சளும் பீடி இலையும் இக்கரையில் பிடிபடும் செய்திகள் வாரம் தவறாமல் வந்தன. விடியுமுன் மணலில் இழுத்துப் போட்ட சாக்கு, அவிழ்த்தால் மஞ்சள் வாடை, பக்கத்தில் சுங்கத்துறையினர் என்ற படம் நாளிதழ்களில் பழகிப்போனது. நாம் அதைக் குற்றச் செய்தியாக மட்டுமே படித்தோம். சமையலுக்கான மஞ்சளைக்கூட டாலர் கொடுத்து வாங்க யோசிக்கும் நாட்டின் கையிருப்பு எங்கே நிற்கிறது என்று அந்தச் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தது. மைய வங்கி அறிக்கைக்காகக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் கடத்தல் சரக்கின் பட்டியலையும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியா 2022இல் கடன் வசதி, நாணய மாற்று, தவணை ஒத்திவைப்பு என்று ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது உண்மை. பெரிய நாடு சிறிய நாட்டுக்கு உதவ இதற்குமேல் என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்கலாம். உதவியின் அளவைவிட அது வந்த நேரம்தான் கவனிக்கத்தக்கது. சார்க் நாணய மாற்று ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. அப்போது அதன் மொத்த அளவே 200 கோடி டாலர்தான். 2022 ஜனவரியில் இலங்கைக்கு அதில் கிடைத்தது 40 கோடி. பெருந்தொகையான கடன் வசதி வந்தபோது எரிபொருள் வரிசைகள் தொடங்கிவிட்டன. 1998இல் இந்தோனேசிய ரூபியா நொறுங்கி, வேலை தேடியவர்கள் மலாக்கா நீரிணையைக் கடந்தபோது மலேசியா அவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2000இல் தென்கிழக்காசிய நாடுகள் சீனா, ஜப்பான், தென்கொரியாவோடு சேர்ந்து சியாங் மாய் ஏற்பாட்டைத் தொடங்கின. தெற்காசியாவில் அதற்கு நிகராக ஒன்று உருவாகவில்லை. நெருக்கடி வந்தபின் ஒவ்வொரு முறையும் தனியே பேசி முடிவு செய்தால் அது தயவாகிறது. தயவுக்கு அரசியல் விலை உண்டு, வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும்.

இன்னொரு கரை இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்வியும் மீதமிருக்கிறது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களில் நின்றது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில்தான் ஓடத் தொடங்கியது. ஆகவே 2022 மார்ச் 22 அன்று விலைவாசி தாங்காமல் குழந்தைகளோடு வந்து சேர்ந்த 16 பேருக்குக் கிடைத்த வழி இரவுப் படகும் தனுஷ்கோடி மணலும். சட்டத்தின் கணக்கில் அவர்கள் ஆவணமில்லாமல் நுழைந்தவர்கள். அவர்களும் அடுத்தடுத்து வந்தவர்களும் தங்கவைக்கப்பட்ட இடம் மண்டபம் முகாம்: ஒரு காலத்தில் இக்கரைப் பசிக்குத் தப்பி அக்கரைக்குக் கப்பலேறியவர்கள் காத்துக் கிடந்த அதே முகாம்.