வாக்கும் அதன் எடையும்: ஜார்ஜியா மாநிலத் தேர்தல் வரலாற்றில் கணக்கிடும் முறையின் இடம்

ஜனநாயக ஆட்சியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும், வாக்குரிமை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டு, சொத்துடையோரிடமிருந்து சொத்தில்லாதோருக்கும், ஆடவரிடமிருந்து பெண்டிருக்கும், வெள்ளையரிடமிருந்து கறுப்பினத்தவருக்கும் அவ்வுரிமை படிப்படியாகப் பரவிய கதையாகவே அதனைச் சொல்லி வந்துள்ளனர். அவ்வினா இன்றியமையாததே, ஆயினும் அது பாதி வினாவே. பெட்டியில் விழுந்த வாக்கு எந்த எல்லைக்குள் அடைக்கப்படுகிறது, எவற்றோடு சேர்த்துக் கூட்டப்படுகிறது, இறுதிக் கணக்கில் என்ன மதிப்புப் பெறுகிறது என்பது எஞ்சிய பாதி. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், சட்டசபைக்கும் கவர்னர் பதவிக்கும் காங்கிரஸ் சபைக்கும் நடந்த தேர்தல்களின் வரலாறு, இந்த இரண்டாம் பாதியை விளக்குவதற்கு மிகத் தெளிவான சான்றாகும். வாக்காளரை வாயிலிலேயே தடுத்த சட்டங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்த பின்னரும், அதே நோக்கத்தை நிறைவேற்றும் பணியை வாக்கைக் கணக்கிடும் முறை ஏற்றுக்கொண்டது என்பதும், ஆதலால் அம்மாநிலத்தில் வாக்குரிமைப் போராட்டத்தின் முடிவை வாக்காளர் பட்டியலில் அன்றி எண்ணிக்கை விதியிலேயே தேட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. வாயிலை அடைத்த சட்டங்கள்

உள்நாட்டுப் போருக்குப் பின் நடந்த புனரமைப்புக் காலத்தில், 1868-ஆம் ஆண்டுத் தேர்தலில் கறுப்பினத்தவர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் ஜார்ஜியா சட்டசபைக்குப் பிரதிநிதிகளாக வந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், வெள்ளையரான அங்கத்தினர் அவர்களில் பெரும்பாலோரைச் சபையினின்று வெளியேற்றினர். அதற்கு அவர்கள் கூறிய நியாயம் கவனிக்கத்தக்கது: மாநில அரசியல் சாசனம் கறுப்பினத்தவருக்கு வாக்களிக்கும் உரிமையை அளித்திருக்கிறதேயன்றிப் பதவி வகிக்கும் உரிமையை வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பதே அது. வெளியேற்றப்பட்டோரில் ஒருவரான ஹென்றி மக்நீல் டர்னர் அச்சபையிலேயே எழுந்து அவ்வநீதியை வன்மையாகக் கண்டித்துப் பேசினார். மத்திய அரசு தலையிட்ட பின் 1870-இல் வெளியேற்றப்பட்டோர் மீண்டும் அமர்த்தப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் ஜெஃபர்சன் லாங் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1871 ஜனவரி முதல் மார்ச் வரை சில வாரங்களே அங்கத்தினராக இருந்தார். பிரதிநிதிகள் சபையில் உரையாற்றிய முதற் கறுப்பினத்தவர் அவரே. அவருக்குப் பின் ஜார்ஜியாவிலிருந்து மற்றொரு கறுப்பினத்தவர் அச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 1972 வரை, அதாவது ஒரு நூற்றாண்டுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது.

அந்நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தவை பரவலாக அறியப்பட்டவையாதலால் சுருங்கச் சொன்னால் போதும். 1877-ஆம் ஆண்டின் சாசனம் தலைவரியை வாக்குரிமையோடு பிணைத்தது. ஆண்டுக்கு ஒரு டாலரே ஆயினும், செலுத்தப்படாத ஆண்டுகளின் பாக்கி முழுவதும் சேர்ந்துகொண்டே வரும் ஏற்பாடாகையால், ரொக்கப் பணத்தைக் காண்பதே அரிதான குத்தகை உழவர்க்கு, அவர் கறுப்பராயினும் வெள்ளையராயினும், அது கடக்கவொண்ணாத தடையாயிற்று. 1890-இல் காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாம் வாட்சன், மக்கள் கட்சியின் சார்பில் இரு நிறத்து உழவரையும் ஒன்று சேர்க்க முற்பட்டு, 1892, 1894 ஆகிய இரு தேர்தல்களிலும் தோல்வியுற்றார். அவர் தொகுதியின் அகஸ்டா நகரில் பதிவான வாக்குகள் சட்டப்படி வாக்களிக்கத் தகுதி பெற்றோரின் தொகையைத் தாண்டின. அத்தோல்விகளுக்குப் பின் மனம் மாறிய அதே வாட்சன், கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிப்பதாக வாக்குறுதி தந்து கவர்னர் பதவிக்கு நின்ற ஹோக் ஸ்மித்தை 1906-இல் ஆதரித்தார். எழுத்தறிவுத் தேர்வையும் சொத்துத் தகுதியையும் புகுத்திய திருத்தம் 1908-இல் நிறைவேறிற்று. ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்யும் பூர்வாங்கத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற கட்சி விதியும் இவற்றோடு சேர்ந்தது. அக்கட்சிக்கு மாநிலத்தில் வலிய போட்டியே இல்லாத காலமாகையால், பூர்வாங்கத் தேர்தலில் வென்றவரே பதவிக்கு வந்தார். நவம்பர் மாதத்துப் பொதுத் தேர்தல் வெறும் சம்பிரதாயமாகவே நடந்தது.

2. கவுண்டி அலகு முறை

வாயில் இவ்வாறு அடைக்கப்பட்ட பின், உள்ளே இருந்தவர்களிடையிலும் அதிகாரத்தைச் சமமாகப் பகிராதிருக்க ஒரு வழி தேவைப்பட்டது. கட்சி மாநாடுகளில் வெகுகாலமாக வழங்கிய ஒரு பழக்கத்தை 1917-ஆம் ஆண்டின் நீல் பூர்வாங்கத் தேர்தல் சட்டம் மாநிலச் சட்டமாகவே ஆக்கிற்று. அதன்படி, கவர்னர், செனட்டர் முதலிய மாநிலம் தழுவிய பதவிகளுக்குரிய பூர்வாங்கத் தேர்தலில் வேட்பாளரின் வெற்றி மக்கள் அளித்த வாக்குகளின் கூட்டுத்தொகையால் நிர்ணயிக்கப்படவில்லை. மாநிலத்தின் நிருவாகப் பிரிவான ஒவ்வொரு கவுண்டிக்கும், சட்டசபையின் கீழ்ச் சபையில் அதற்குள்ள பிரதிநிதிகளைப் போல் இரு மடங்கு அலகுகள் ஒதுக்கப்பட்டன. கவுண்டியில் முதலாவதாக வந்தவர் அதன் அலகுகள் அனைத்தையும் பெற்றார். மொத்தம் 159 கவுண்டிகளில், மிகப் பெரிய எட்டுக்கு ஆறு அலகுகளும், அடுத்த முப்பதுக்கு நான்கு அலகுகளும், எஞ்சிய 121-க்கு இரண்டு அலகுகளும் கிடைத்தன. ஆக மொத்தம் 410. மூன்று மிகச் சிறிய கவுண்டிகள் சேர்ந்தால் அட்லாண்டா நகரை உட்கொண்ட ஃபுல்டன் கவுண்டிக்கு ஈடாகிவிடும்.

நகரங்கள் வளர வளர இவ்விகிதாசாரத்தின் கொடுமையும் வளர்ந்தது. 1960-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஃபுல்டன் கவுண்டியில் 5,56,326 பேர் வாழ்ந்தனர். எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். முன்னதற்கு ஆறு அலகு, பின்னதற்கு இரண்டு அலகு. ஆகவே எக்கோல்ஸில் வாழ்ந்த ஒருவரின் செல்வாக்கு, ஃபுல்டனில் வாழ்ந்த தொண்ணூற்றொன்பது பேரின் செல்வாக்குக்குச் சமமாயிற்று. மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழ்ந்த கவுண்டிகள் அலகுகளில் பெரும்பான்மையைத் தம் கைவசம் வைத்திருந்தன.

இம்முறையைத் தம் அரசியலின் அஸ்திவாரமாகக் கொண்டவர் கவர்னர் யூஜீன் டால்மட்ஜ். டிராம் வண்டி ஓடும் கவுண்டி எதிலும் தமக்கு வெற்றி தேவையில்லை என்று அவர் பெருமை பேசியதாக வழங்கும் செய்தி, வீண் பேச்சாகத் தோன்றினும், துல்லியமான கணிதம். இரு அலகுக் கவுண்டிகள் மட்டுமே 242 அலகுகளை அளிக்க, வெற்றிக்கு வேண்டியவையோ 206-தான். வி. ஓ. கீ என்னும் அரசியல் ஆராய்ச்சியாளர் 1949-இல் தென் மாநில அரசியலைப் பற்றி எழுதிய பெருநூலில், ஜார்ஜியாவைப் பற்றிய அதிகாரத்திற்கு நாட்டுப்புறத்தார் ஆட்சி என்ற பொருள்படத் தலைப்பிட்டது இதனாலேயே.

3. 1946-ஆம் ஆண்டின் சாட்சியம்

இக்கட்டுரையின் துணிபுக்கு வலிமையான ஆதாரம் 1946-ஆம் ஆண்டுத் தேர்தல்களில் உள்ளது. எல்லிஸ் ஆர்னல் கவர்னராக இருந்த காலத்தில் 1943-இல் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது; 1945-இல் தலைவரி ஒழிக்கப்பட்டது. டெக்ஸாஸ் மாநில வழக்கில் 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளையர் பூர்வாங்கத் தேர்தலைச் சட்டவிரோதமென்று தீர்த்தது. கொலம்பஸ் நகரத்துப் பிரைமஸ் கிங் தொடுத்த வழக்கின் பயனாக, 1946-இல் அத்தடை ஜார்ஜியாவிலும் வீழ்ந்தது. அவ்வாண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டனர். வாயில் முற்றும் திறந்துவிடவில்லையாயினும், திறக்கத் தொடங்கிவிட்டது.

அப்பொழுது எண்ணிக்கை விதி தன் வேலையைச் செய்தது. அட்லாண்டாவை உள்ளிட்ட ஐந்தாம் காங்கிரஸ் தொகுதியில் 1946 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில், ஹெலன் டக்ளஸ் மான்கின் என்ற பெண்மணி ஆஷ்பி வீதி வாக்குச்சாவடியின் கறுப்பின வாக்காளர் ஒருமுகமாக அளித்த ஆதரவால் வெற்றி பெற்றார். காங்கிரஸ் தொகுதிகளில் அலகு முறையைக் கையாள்வது கட்சிக் குழுவின் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தது. அத்தொகுதியில் நெடுநாளாகக் கைவிடப்பட்டிருந்த அம்முறை, இவ்வெற்றியை அடுத்து, ஜூலை மாதப் பூர்வாங்கத் தேர்தலுக்காக மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. மக்கள் வாக்குகளில் மான்கின் முந்தினார். ஃபுல்டனின் ஆறு அலகுகளும் அவருக்கே கிடைத்தன. ஆனால் டிகால்ப் கவுண்டியின் ஆறும், சிற்றூர்களே நிறைந்த ராக்டேல் கவுண்டியின் இரண்டும் ஜேம்ஸ் டேவிஸைச் சேர, எட்டுக்கு ஆறு என்ற கணக்கில் அவர் தோற்றார். எல்லா வாக்குகளும் எண்ணப்பட்டன. ஆயினும் பெரும்பான்மை தோற்றது.

அதே நாளில் கவர்னர் பதவிக்கு நடந்த போட்டியிலும் இதுவே விளைந்தது. ஜேம்ஸ் கார்மைக்கேல் டால்மட்ஜைவிட ஏறத்தாழ 16,000 வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். அலகுக் கணக்கிலோ டால்மட்ஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146. பதவியேற்கும் முன்பே டால்மட்ஜ் டிசம்பரில் காலமாக, சட்டசபை அவருடைய மகன் ஹெர்மனைக் கவர்னராகத் தெரிவு செய்ததும், ஆர்னலும் துணைக் கவர்னராகத் தேர்ந்த மெல்வின் தாம்ஸனும் அதனை எதிர்த்ததும், 1947 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ஸனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் மூன்று கவர்னர் விவகாரம் என்ற பெயரால் பிரசித்தி பெற்றவை. டெல்ஃபேர் கவுண்டியில் பிந்திக் கண்டெடுக்கப்பட்ட, ஹெர்மனின் பெயரெழுதி அளித்த வாக்குகளில் இறந்தோர் பெயரிலும் வாக்குகள் இருந்தன என்று பத்திரிகை ஒன்று வெளிப்படுத்திற்று. இவ்விவகாரத்தின் பரபரப்பில் ஆராய்ச்சியாளர் பலர் தம் கவனத்தைச் செலுத்தினர். எனினும், சட்டத்தின் துணையோடே தோற்றவரை வெற்றியாளராக்கிய ஜூலை மாத நிகழ்ச்சியே ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு உரியதென்பது என் அபிப்பிராயம்.

4. எதிர்வாதங்கள்

அலகு முறையை ஆதரித்தோர் இரு வாதங்களை முன்வைத்தனர். பெருநகரங்களின் கட்சி யந்திரங்களிடமிருந்து நாட்டுப்புற மக்களைக் காப்பது இம்முறை என்பது முதலாவது. இது பரிசீலனைக்கு நிற்பதன்று. கவுண்டியின் அலகுகள் அனைத்தும் முந்தியவர்க்கே சென்றமையால், அதே கவுண்டியில் வேறு வேட்பாளரை விரும்பிய கிராமத்தாரின் வாக்குகள் அடியோடு அழிந்தன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த கிராமக் கவுண்டிகளின் அலகுகளும், வாக்களிக்க முடிந்த வெள்ளையச் சிறுபான்மையின் விருப்பப்படியே சென்றன. சில நூறு வாக்குகளைத் திருப்பினால் இரண்டு அலகுகள் கிடைக்குமாகையால், சாலை போடுவதையும் உத்தியோகம் தருவதையும் காட்டி ஆதரவைத் திரட்டிய கவுண்டிக் கச்சேரிக் குழுவினரே அதனால் வலுப்பெற்றனர். ஆகவே இம்முறை காத்தது கிராமத்தையன்று, கிராமத்தை ஆண்டவர்களை.

மாநிலங்கள் சிறியனவாயினும் பெரியனவாயினும் செனட் சபையில் சமமான இடம் பெறுவதுபோலக் கவுண்டிகளும் பெறலாகாதோ என்பது இரண்டாவது வாதம். மாநிலங்கள் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒப்பந்த முறையில் ஐக்கியத்தை அமைத்தவை. கவுண்டிகளோ மாநிலமே நிருவாக வசதிக்காக உண்டாக்கிய பிரிவுகள். படைக்கப்பட்ட பிரிவுக்கு, அதனுள் வாழும் பிரஜையைவிட மேலான உரிமை எங்ஙனம் வரும்? மேலும், இம்முறையைப் பொதுத் தேர்தலுக்கும் விரிக்கும் சாசனத் திருத்தம் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் மக்கள் முன் வைக்கப்பட்டபோது, இரு தடவையும் அவர்கள் அதனை நிராகரித்தனர். ஒவ்வொரு வாக்குக்கும் சமமதிப்பு இருந்த அவ்வாக்கெடுப்பில் ஜார்ஜியா மக்கள் தெரிவித்த முடிவே இவ்வாதத்திற்கு இறுதி விடையாகும்.

5. நீதிமன்றத்தின் தலையீடு

மக்கள் விரும்பாத முறையை மக்களால் மாற்ற இயலாமைக்குக் காரணம், மாற்ற வேண்டிய சட்டசபையே அதே ஏற்றத்தாழ்வின்மேல் நின்றமைதான். நீதிமன்றத்தை நாடிய பழைய முயற்சிகள், 1950-இல் தள்ளுபடியான வழக்கு உட்பட, இது அரசியல் விஷயம் என்ற காரணத்தால் பயனற்றுப் போயின. டென்னஸி மாநிலத்தைப் பற்றிய பேக்கர் வழக்கில் 1962 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்நிலையைக் கைவிட்டதும், ஃபுல்டன் கவுண்டி வாக்காளரான ஜேம்ஸ் சாண்டர்ஸ் தொடுத்த வழக்கில் மத்திய நீதிமன்றம் சில வாரங்களுக்குள் அலகு முறையைத் தடுத்தது. 1963 மார்ச் 18-இல் நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பில், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கோட்பாடு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையுடன் நிலைபெற்றது. மத்திய அரசின் சார்பில் அவ்வழக்கில் வாதித்தவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி.

பலன் தாமதிக்கவில்லை. 1962 பூர்வாங்கத் தேர்தல் மக்கள் வாக்கின்படியே நடக்க, கார்ல் சாண்டர்ஸ் கவர்னராக வந்தார். மான்கினை அலகுக் கணக்கால் வென்ற அதே டேவிஸை ஐந்தாம் தொகுதியில் சார்லஸ் வெல்ட்னர் தோற்கடித்தார். மாநிலச் செனட் சபைக்கு லீராய் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் கறுப்பினத்தவர் எவரும் நுழையாத சட்டசபையில் அமர்ந்தார். ஆயினும் ஐந்தாம் தொகுதியின் மக்கள்தொகை 8,23,680. ஒன்பதாம் தொகுதியினுடையதோ 2,72,154. ஜேம்ஸ் வெஸ்பரி தொடுத்த வழக்கில், காங்கிரஸ் தொகுதிகள் இயன்ற அளவு சமமான மக்கள்தொகை உடையனவாக இருத்தல் வேண்டும் என்று 1964 பிப்ரவரி 17-இல் நீதிபதி பிளாக் தீர்ப்பெழுதினார். எல்லை திருத்தப்பட்ட அவ்வைந்தாம் தொகுதியினின்றுதான் 1972-இல் ஆண்ட்ரூ யங் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வாயிலைத் திறந்தது. அதற்குள் எடையும் பெருமளவு சமமாக்கப்பட்டிருந்ததனாலேயே திறந்த வாயில் பயன் தந்தது.

6. எஞ்சிய வினா

பழைய ஏற்பாடுகள் ஒருங்கே மறைந்துவிடவில்லை. 1966-இல் குடியரசுக் கட்சியின் ஹோவர்ட் காலவே முதலிடம் பெற்றும் பாதிக்கு மேல் பெறாமையால், கவர்னரைத் தேரும் பொறுப்பு சட்டசபையைச் சேர்ந்தது. பிரதிநிதித்துவத்தில் சமமின்மை இன்னும் முற்றும் நீங்காத அச்சபை, இனப் பிரிவினையின் ஆதரவாளரான லெஸ்டர் மாடக்ஸைத் தேர்ந்தெடுத்தது. 1964-இல் சட்டமான மறுவாக்கெடுப்பு விதியோ, கறுப்பின வாக்காளர் ஒன்றுபட்டு நிற்க வெள்ளையர் வாக்கு சிதறின் என்னாகும் என்ற அச்சத்தோடும் தொடர்புடையது. அதே விதியின்படி நடந்த 2021 ஜனவரித் தேர்தலில்தான் ரஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் முதற் கறுப்பினச் செனட்டராகத் தெரிவானார். ஆகவே ஒரு தேர்தல் விதி இன்று யாருக்கு நன்மை செய்கிறதென்று பார்த்து அதன் தகுதியை நிர்ணயித்தல் பிழை. இரு பிரஜைகளின் விருப்பத்தை அது ஒரே அளவில் மதிக்கிறதா என்பதொன்றே அதனை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்.

தேர்தல் வரலாற்றை ஆராய்வோர், வென்றோர் பெயரையும் பெற்ற வாக்குகளையும் தொகுப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு முடிவின் பக்கத்திலும் அக்காலத்து எண்ணிக்கை விதியையும் எல்லைக் கோட்டையும் வைத்துப் படித்தல் வேண்டும். அவ்வாறு படித்தாலன்றி, 1946-ஆம் ஆண்டு ஜார்ஜியாவின் பெரும்பான்மை மக்கள் டால்மட்ஜையே விரும்பினர் என்ற பொய், வெறும் முடிவுப் பட்டியலின் வாயிலாக வரலாற்று உண்மையாகவே நிலைத்துவிடும்.