கண்காட்சி முடிந்த பிறகு மிஞ்சும் காகிதம்

நம்ம ஊரில் ஒரு ஓவியக் கண்காட்சி எத்தனை நாள் நடக்கும்? ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். அப்புறம் படங்கள் சுவரை விட்டு இறங்கிவிடும். சில விற்றுப்போகும், மற்றவை ஓவியரின் வீட்டுப் பரணுக்குப் போகும். ஆணி அடித்த ஓட்டைகளைக்கூடப் பட்டி பார்த்து மூடி, அடுத்தவர் தன் படங்களை மாட்டிவிடுவார். அப்படியொரு கண்காட்சி நடந்தது என்பதற்கு இருபது வருடம் கழித்து யார் சாட்சி?

பதில், கேட்டலாக். அங்கே விற்ற அல்லது இலவசமாகக் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகம். மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும்படி சொன்னால், கேட்டலாக் என்பது கண்காட்சியின் லாக் ஃபைல். சர்வரை அணைத்துவிட்டாலும் லாக் இருந்தால் என்ன நடந்தது என்று எழுத்து எழுத்தாகத் திரும்பக் கட்டிவிடலாம். லாக் இல்லையென்றால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

சில வருடங்களாகச் சென்னை ஓவியர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்தது. இந்திய நவீன ஓவியம் என்றால் பம்பாய், டெல்லி, பரோடா என்று பேசுகிறவர்கள் சென்னையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்களே, ஏன்? இங்கே ஓவியர்கள் குறைவா? இல்லை. இங்கே காகிதம் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பட்டியலாகத் தொடங்கியது

கேட்டலாக்கின் கதை பாரிஸில் தொடங்குகிறது. 1673-ல் அரச அகாடமி நடத்திய கண்காட்சிக்கு ஒரு சிறு கையேடு அச்சிட்டார்கள். எந்த ஓவியர், என்ன படம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு சரக்குப் பட்டியல்.

அதை ஆயுதமாக மாற்றியவர் கூர்பே. 1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்களில் சிலவற்றை நடுவர் குழு நிராகரித்தது. மனுஷன் பக்கத்திலேயே தன் சொந்தச் செலவில் ஒரு கொட்டகை போட்டுத் தன் படங்களை வைத்தார். அதற்கு ஒரு கேட்டலாக்கும் அச்சிட்டார். அதன் முன்னுரையில்தான் யதார்த்தவாதம் என்று தான் எதைச் சொல்கிறேன் என்பதை எழுதினார். கொட்டகை போய்விட்டது, முன்னுரை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

1936-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஆல்ஃப்ரெட் பார் இன்னொரு படி மேலே போனார். கியூபிசம், அரூப ஓவியம் பற்றிய கண்காட்சிக் கேட்டலாக்கின் அட்டையிலேயே ஒரு வரைபடம் போட்டார். எந்த இயக்கத்திலிருந்து எது பிறந்தது என்று அம்புக்குறிகளோடு ஒரு வம்சாவளி. இன்றைக்கும் நவீன ஓவிய வரலாற்றைப் பலர் அந்த அம்புக்குறிகளின் வழியாகத்தான் படிக்கிறார்கள், சண்டை போடுகிறவர்களும் அதோடுதான் சண்டை போடுகிறார்கள். ஆக, முதலில் பட்டியல், பிறகு அறிக்கை, கடைசியில் வரலாறு.

ஒரே ஒரு கண்காட்சி, ஒரே ஒரு கேட்டலாக்

இந்தியாவில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் குரூப் 1890. பெயரைப் பார்த்து வருடம் என்று நினைக்க வேண்டாம். 1962-ல் பாவ்நகரில் இவர்கள் கூடிப் பேசிய வீட்டின் கதவு எண் அது. ஜே. சுவாமிநாதன் முன்னின்ற இந்தக் குழுவில் பன்னிரண்டு பேர். 1963 அக்டோபரில் டெல்லியில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள், நேரு திறந்துவைத்தார். அதற்குப் பிறகு குழுவாக இன்னொரு கண்காட்சி நடத்தவேயில்லை.

ஆனால் கேட்டலாக்கில் அன்றைக்கு மெக்சிகோவின் தூதராக டெல்லியில் இருந்த ஆக்டேவியோ பாஸ் முன்னுரை எழுதியிருந்தார். குழுவின் அறிக்கையும் இருந்தது. அந்தக் காகிதம் இருந்ததால் குழு செத்தும் சாகவில்லை. 2016-ல் டிஏஜி நிறுவனம் அதே பன்னிரண்டு பேரைச் சேர்த்து மறுபடி ஒரு கண்காட்சியும் புத்தகமும் கொண்டுவந்தது. கேட்டலாக் கேட்டலாக்கைப் பெறும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் நம்ம சென்னைக் கலைப் பள்ளியில் படித்த எம். ரெட்டப்ப நாயுடுவும் ஒருவர். தெய்வ உருவங்களை நவீன முறையில் வரைந்த வரிசைக்காக அறியப்பட்டவர். டெல்லிக் கேட்டலாக் ஒன்றில் இருந்ததால், சென்னை பற்றி எதுவுமே தெரியாதவர்கள்கூட அவர் பெயரைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழகம் ஏன் முக்கியம்

வியாபாரக் கேலரி போடும் கேட்டலாக்கின் நோக்கம் விற்பனை. அதில் தப்பில்லை. ஆனால் விற்காத விஷயத்தைப் பற்றி அது நிறையப் பேசாது. பல்கலைக்கழகக் கேலரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எழுத ஆசிரியர்கள் இருக்கிறார்கள், படிக்க மாணவர்கள் இருக்கிறார்கள், வாங்கி அடுக்க நூலகம் இருக்கிறது. அடித்துப் பேச நான்கு பேர் எப்போதும் கேண்டீனில் இருக்கிறார்கள்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-ல் தொடங்கியது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, கலை வரலாறு எல்லாம் ஒரே வளாகத்தில். வரைகிறவனும் எழுதுகிறவனும் ஒரே மரத்தடியில் டீ குடித்தார்கள். 1969-ல் குலாம் முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் அங்கிருந்து 'விருச்சிக்' என்ற சிறுபத்திரிகையைத் தொடங்கினார்கள்.

1987 மார்ச்சில் அந்தப் புலத்தின் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சியைத்தான் பல்கலைக்கழகக் கேட்டலாக்குக்கு நல்ல உதாரணமாகச் சொல்வேன். தலைப்பு, 'கேள்விகளும் உரையாடலும்'. நடத்தியவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியிலிருந்து வந்த மலையாள இளைஞர்கள், கே.பி. கிருஷ்ணகுமார் அவர்களில் முக்கியமானவர். இந்திய ரேடிக்கல் ஓவியர் சிற்பிகள் சங்கம் என்று பின்னால் அறியப்பட்ட குழு. கேட்டலாக்கில் எழுதியவர் அனிதா துபே, பரோடாவில் கலை வரலாறு படித்தவர். படத்தைச் சரக்காக்கும் சந்தையை அதில் நேருக்கு நேராகக் கேள்வி கேட்டார். மூத்த ஓவியர்களையும் விடவில்லை.

1989-ல் கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், குழு கலைந்தது. மொத்தமே இரண்டு மூன்று வருட ஆயுள். ஆனாலும் இன்றைக்கு எண்பதுகளின் இந்தியக் கலையைப் பற்றி எழுதுகிற யாரும் அந்தக் குழுவைத் தாண்டிப் போக முடியாது. காரணம் படைப்புகள் மட்டும் இல்லை, அந்த எழுத்தும்தான். எழுதிய அனிதா துபே பின்னால் தானே கலைஞராகி, 2018-ல் கொச்சி பினாலேவின் பொறுப்பாளரும் ஆனார்.

சென்னையில் என்ன நடந்தது

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. வயதில் பரோடாவுக்குக் கொள்ளுத்தாத்தா. 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார், அவருக்குப் பிறகு 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் 1944-லேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானது. பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் ஓவியர்களே நிலம் வாங்கிய கதை அது. சேலையூரிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். ஐடி காரிடாரில் வேலை பார்க்கிற எத்தனையோ பேர் தினமும் அதற்குப் பக்கத்தில் வந்து திரும்புகிறார்கள்.

எழுத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 1961 முதல் 'ஆர்ட் ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஓவியர்களே நடத்தினார்கள். ஜோசஃப் ஜேம்ஸ் விடாமல் எழுதினார், சென்னைச் சிற்பிகளைப் பற்றிய தொகுப்பு 1993-லும் சோழமண்டலம் பற்றிய புத்தகம் 2004-லும் அவர் பெயரில் வந்தன. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் பாடம் எடுத்த அஷ்ரஃபி பகத் சென்னை இயக்கத்தின் வரலாற்றைத் தொடர்ந்து எழுதிவருகிறார். ஆனால் இதெல்லாம் தனி மனிதர்களின் பிடிவாதம். கண்காட்சிக்குக் கண்காட்சி ஒரு கேட்டலாக் என்று வழக்கமாகப் போட்டு, அடுக்கிவைத்து, மாணவர்களைப் படிக்கவைக்கிற ஏற்பாடு இங்கே வலுவாக அமையவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். நாம் எழுதாத இடத்தில் மற்றவர்கள் எழுதினார்கள். 1985-ல் அமெரிக்காவில் இந்தியத் திருவிழா நடந்தபோது, லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வைட் கேலரி 'நியோ தந்திரா' என்ற கண்காட்சியை நடத்தியது. அதில் சோழமண்டலத்துக் கே.வி. ஹரிதாசனும் உண்டு. நல்ல கேட்டலாக், பெரிய கௌரவம். ஆனால் ஒரு சிக்கல். அந்தத் தலைப்பின் கீழ் அவர் தந்திர ஓவியராகிறார். எழுத்துகளும் சோதிடக் கட்டங்களும் கணிதக் குறிகளும் கலந்த பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963-ல் தொடங்கியது. சென்னையில் அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, கோடு என்பதை எப்படிக் கையாண்டது என்ற உள்ளூர்க் கதை அந்தத் தலைப்பில் அடங்காது. பெயர் வைக்கிறவர் யாரோ, பிள்ளை அந்தப் பெயரில்தான் வளரும்.

தமிழில் இருந்த கேட்டலாக்

மேலே சொன்னதெல்லாம் ஆங்கிலம். தமிழில்? இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. கேலரி செய்யாததைச் சிறுபத்திரிகைகள் கொஞ்சம் செய்தன. கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைக் கண்காட்சியில் பார்த்த தமிழர்களைவிடப் பத்திரிகையிலும் புத்தக அட்டையிலும் பார்த்தவர்கள் பல மடங்கு. ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது கூடவே வந்த அவர் படங்களை மறக்க முடியுமா? ட்ராட்ஸ்கி மருதுவும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார்.

1973-ல் இளம் வயதில் தற்கொலை செய்துகொண்ட கே. ராமானுஜத்தைத் தமிழ் வாசகன் எப்படி அறிந்தான்? சி. மோகனின் 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்ற நாவல் வழியாக. ஓர் ஓவியரை ஒரு நாவல் காப்பாற்றியது பெருமைதான். ஆனால் நாவலில் படத்தின் அளவு, வருடம், ஊடகம், இப்போது யாரிடம் இருக்கிறது என்ற விவரம் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. அது கேட்டலாக்கின் வேலை.

ஒரு அட்டையின் வயது

பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரு மடிப்பு அட்டையைச் சொல்கிறேன். சென்னையில் நடந்த ஒரு தனிநபர் கண்காட்சியின் அழைப்பும் பட்டியலும் சேர்ந்தது. பதினெட்டுப் படங்களின் பெயர், விலை, 'திங்கள், ஜூலை 12' என்ற தேதி. வருடம் இல்லை! அன்றைக்கு அழைப்பு வாங்கியவருக்கு வருடம் எதற்கு?

ஜூலை 12 திங்களாக வருவது 1965, 1971, 1976, 1982, 1993, 1999. ஊர்ப் பெயர் மெட்ராஸ், அதனால் 1996-க்கு முன். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு, அது 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. மிஞ்சியது 1976, 1982, 1993. உள்ளே வாழ்க்கைக் குறிப்பில் கடைசியாக உள்ள வருடம் 1975. ஆக 1976 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சாயங்காலம் போனது இதற்கு. அச்சடித்தவர் நான்கு இலக்கம் கூடுதலாகப் போட்டிருந்தால் தேவையே இல்லை.

அந்தப் பதினெட்டுப் படங்களில் ஒன்றுகூட அட்டையில் அச்சாகவில்லை. பெயர்கள் மட்டும்தான். அவற்றில் ஒன்று நாளைக்கு ஏலத்தில் வந்தால் அசலா போலியா என்று சொல்ல இந்த அட்டையைத் தவிர வேறு சாட்சி இருக்குமா தெரியாது. கேட்டலாக் என்பது வெறும் அறிவாளி விவகாரம் இல்லை, ஓவியர் குடும்பத்துக்குக் காசு விவகாரமும்கூட.

இனி

பரோடா ஆசிரியர்கள் சிலரின் சொந்தச் சேகரிப்புகளை ஹாங்காங்கில் உள்ள ஆசியா ஆர்ட் ஆர்க்கைவ் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. சேலையூரில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு நான் அதைத் திறந்து படிக்க முடிகிறது. சென்னைக்கும் இப்போது கொஞ்சம் வெளிச்சம். சோழமண்டலத்தில் 2009 முதல் சென்னை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 2019-ல் அஷ்ரஃபி பகத் அமைத்த 'மெட்ராஸ் மாடர்ன்' கண்காட்சியும் வந்தது. அதை நடத்தியதும் டிஏஜி என்ற வியாபாரக் கேலரிதான், பல்கலைக்கழகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2013-ல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் நமக்கு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு கண்காட்சி, அதற்குத் தமிழில் ஒரு நல்ல கேட்டலாக் என்று தொடங்கினால் பத்து வருடத்தில் ஓர் அலமாரி நிறையும்.

அதுவரை நம்மால் ஆனது சின்ன வேலை. வீட்டில் பழைய கண்காட்சி அழைப்போ மடிப்பு அட்டையோ இருந்தால் பழைய பேப்பருக்குப் போட வேண்டாம். வருடம் தெரிந்தால் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை ஊறும். ஸ்டேப்பிள் பின்னைக் கழற்றிவிடுங்கள், துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நீங்கள் இன்றைக்குக் கண்காட்சி நடத்துகிறவராக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள்: அழைப்பில் தேதியோடு வருடத்தையும் போடுங்கள்.