பாம்பு கேட்காத வெள்ளைச் சுண்டெலி

பாம்பு வளர்க்கிற ஆக்களின் காணொளிகளை யூரியூப்பில் ஒருநாள் பார்க்கத் தொடங்கினேன், நிறுத்தேலாமல் போச்சு. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஏதோ ஒரு வீடு. உறைபெட்டியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுக்கிறார்கள். உள்ளே வெள்ளைச் சுண்டெலிகள் விறைத்துப்போய்க் கிடக்கின்றன. மயிர் முளைக்காத குட்டிக்குப் பெயர் 'பிங்கி'. மயிர் அரும்பினால் 'ஃபஸி'. துள்ளத் தொடங்கினால் 'ஹொப்பர்'. உடுப்புக்கடையில் அளவு சொல்லுற மாதிரி, அங்கே ஒரு உயிரின் வயதைச் சொல்கிறார்கள். சுடுதண்ணிக்குள் போட்டு இளக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டினால் பாம்பு வந்து கவ்வுது.

பாம்பு எலி தின்னும் என்பது எங்களுக்குப் புதுசில்லை. வயல் பக்கம் சாரைப்பாம்பைக் கண்டால், "அதை விடு, எலி பிடிக்கும்" எண்டு சொல்லுற பெரியாக்கள் எல்லா ஊரிலும் இருப்பினம். அதால அந்தக் காணொளியும் இயற்கையான காட்சி மாதிரித்தான் முதலில் தெரிஞ்சுது. ஆனால் வெள்ளைச் சுண்டெலி இனமாக வாழுற காடோ வயலோ எங்கேயும் இல்லை. எந்தப் பாம்பும் அதைக் கேட்டதும் இல்லை. பிறகு அது எப்படி அந்த உறைபெட்டிக்குள் வந்தது?

லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடம் 1849இல் திறக்கப்பட்டது. உலகத்தில் அப்படியான முதல் கட்டடம் அதுதான் என்பார்கள். அங்கே மலைப்பாம்புகளுக்கும் போவாக்களுக்கும் முயல், கினிப்பன்றி, பறவை என்று எல்லாவற்றையும் உயிரோடே போட்டார்கள். சனம் நின்று பார்த்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கோரம் மனசை விட்டுப் போகுதில்லை என்ற விதமாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்புக் கூடக்கூட, கதவைப் பூட்டிவிட்டு இரை போடத் தொடங்கினார்கள். முயலுக்கு அதால ஒரு மாற்றமும் இல்லை, பார்க்கிற கண்கள்தான் இல்லாமல் போயின. அதே காலத்தில் அங்கே இருந்த ஒரு போவா தன் போர்வையையே விழுங்கி, சில வாரம் கழித்துக் கக்கிய கதையும் உண்டு. அந்தப் போர்வையில் முயல் வாசம் பட்டிருக்குமோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதையில் இன்னும் சுண்டெலி வரவில்லை, ஏனெண்டால் அப்போது அது வேறொரு வீட்டில் செல்லப்பிராணியாக இருந்தது. ஜப்பானில் 1787இலேயே வண்ணச் சுண்டெலிகளை எப்படி இனம்பெருக்குவது என்று ஒரு சிறுநூல் வந்துவிட்டது. அந்த எலிகள் பிறகு ஐரோப்பாவுக்குப் போயின. இங்கிலாந்தில் 1895இல் தேசிய சுண்டெலிக் கழகம் தொடங்கி, போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள். பெரிய எலிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். விக்ரோறியா மகாராணியின் எலிபிடிகாரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடிபட்டதில் நிறம் வித்தியாசமானதைக் கொல்லாமல் வளர்த்துச் சீமாட்டிகளுக்கு விற்றவர்.

கதை திரும்பும் இடம் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் உள்ள கிரான்பி. ஏபி லாத்ரொப் என்ற முன்னாள் ஆசிரியை அங்கே கோழி வளர்த்து நட்டப்பட்டு, 1900 அளவில் ஒரு சோடி 'நடன எலிகளோடு' செல்லப்பிராணி வியாபாரம் தொடங்கினார். உட்காதுக் கோளாறால் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிற எலிகள் அவை. அதைத்தான் நடனம் எண்டு சொல்லி வித்தவை. சிறுவர்களுக்கு என்று வளர்த்ததை ஆய்வுகூடங்கள் வாங்கத் தொடங்கின. ஒரு கட்டத்தில் அவரிடம் 11,000 எலிகள் வரை இருந்தன. வெறும் வியாபாரி என்று அவரைக் கடந்து போகேலாது. கவனமாகப் பதிவேடு வைத்தவர். தன் எலிகளில் கட்டிகளைக் கண்டதும் லியோ லோப் என்ற நோயியலாளரோடு சேர்ந்து புற்றுநோய் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1918இல் இறந்துபோனார். அவருடைய 57ஆம் இலக்க எலியிலிருந்து கிளாரன்ஸ் லிட்டில் 1921இல் உருவாக்கிய 'சி57 பிளாக்' வழிதான் இன்றைக்கு உலகத்தில் அதிகம் பயன்படுகிற ஆய்வுகூட எலிகளில் ஒன்று. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஏபியின் பெயரை நான் கண்டதில்லை.

ஆய்வுகூடம் எலியை ஒரு அளவுப்பொருளாக மாற்றியது. கட்டியான தீவனம், அடுக்குத் தட்டில் கூடு, மூன்று கிழமையில் ஒரு ஈத்து, ஆறு கிழமையில் அடுத்த தலைமுறை. 20ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் வீட்டில் பாம்பு வளர்க்கிற வழக்கம் பரவினபோது, இந்த எலியும் அதை வளர்க்கிற முறையும் தயாராகவே இருந்தன. உயிரோடு போட்டால் எலி திருப்பிக் கடித்துப் பாம்பு காயப்படும் என்பதாலும், பார்க்கப் பாவம் என்பதாலும், பெரும்பாலும் காபனீரொட்சைட்டால் கொன்று உறையவைத்து விற்கிறார்கள். லண்டனில் பூட்டிய கதவுதான் இப்போது தொழிற்சாலையில் பூட்டியிருக்கு என்பது என் எண்ணம். இதால எலிக்கு வேதனை குறைஞ்சிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

சரி, பாம்பு என்ன சொல்லிச்சு? 1960களில் கோர்டன் பெர்கார்ட் என்ற ஆய்வாளர், ஒரு இரையையும் இதுவரை கண்டிராத பாம்புக்குட்டிகளின் முன்னால் பஞ்சைப் பிடித்துப் பார்த்தார். மண்புழு, மீன் போன்றவற்றின் தோல் வாசம் ஏற்றிய பஞ்சு. தன் இனம் வழக்கமாகத் தின்னும் இரையின் வாசம் வந்த பஞ்சைக் குட்டிகள் நாக்கை நீட்டி நீட்டி ஆராய்ந்து, பாய்ந்தும் கடித்தன. போர்வை விழுங்கின போவாவை நான் நினைத்தது இங்கேதான். 1977இல் ஸ்டீவன் ஆர்னல்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். கலிபோர்னியாக் கரையோரத்து கார்ட்டர் பாம்புகள் ஓடில்லாத நத்தையைத் தின்னும், உள்நாட்டில் வாழும் அதே இனம் மீனும் தவளையும் தின்னும். புதிதாகப் பிறந்த குட்டிகளிடம் நத்தையைக் கொடுத்தால் கரையோரக் குட்டிகள் பெரும்பாலும் தின்றன, உள்நாட்டுக் குட்டிகள் பெரும்பாலும் மறுத்துவிட்டன. வாய் உருசி பிறப்பிலேயே வருகிறது, ஊருக்கு ஊர் மாறியும் வருகிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அதுக்கு இடமில்லை. அமெரிக்கச் சோளப்பாம்பின் குட்டி காட்டில் சின்னப் பல்லியும் தவளையும் தின்னும். வீட்டில் பிறந்தால் முதல் சாப்பாடு பிங்கி. சில குட்டிகள் தொடவே தொடாது. அப்போது வளர்ப்பவர் பிங்கியைப் பல்லியில் தேய்த்து, வாசம் ஏற்றிக் கொடுத்து ஏமாற்றுவார். அதுக்கும் மசியாதது செத்துப்போகும். தின்றது வளர்ந்து முட்டை இடும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், எலிக்கு ஏற்ற பாம்பைத்தான் நாங்கள் வடிகட்டி எடுத்திருக்கிறோம் எண்டு நினைக்கிறன்.

வடிகட்டலுக்கு லேசில் அடங்காதது பந்து மலைப்பாம்பு. பயந்தால் பந்து மாதிரிச் சுருளும். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கில் ஏற்றுமதியானது. 1992இல் முதன்முதலாக ஒரு வெளிறிய பந்து மலைப்பாம்பை அமெரிக்காவில் இனம்பெருக்கிக் காட்டினபிறகு, நிறத்துக்காக அதன் விலை எங்கேயோ போனது. ஆனால் காட்டிலிருந்து வந்த பெரிய பாம்புகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தன, வெள்ளைச் சுண்டெலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நைஜீரியாவில் செய்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. அங்கே சின்னப் பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும், பெரியவை பாலூட்டிகளையும் தின்றிருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட இரை வித்தியாசம். பட்டினி கிடந்த பாம்புகளில் கனக்க, ஜெர்பில் எலியையோ ஆப்பிரிக்க மென்மயிர் எலியையோ கண்டதும் பாய்ந்து பிடித்தன. அது அவற்றின் ஊர்ச் சாப்பாடு.

அந்த மென்மயிர் எலிக்கு இன்னொரு முகமும் இருக்கு. 1969இல் நைஜீரியாவின் லாசா என்ற ஊரில் அடையாளம் காணப்பட்ட லாசா காய்ச்சலின் வைரசை மேற்கு ஆப்பிரிக்காவில் காவுவது அதன் காட்டு உறவுதான். கானாவிலிருந்து போன எலிகளோடு குரங்கம்மை வந்ததால் 2003இல் அமெரிக்கா ஆப்பிரிக்கக் கொறிணிகளின் இறக்குமதியையே தடைசெய்தது. பாம்பை அவர்கள் தடைசெய்யவில்லை. அது தொடர்ந்து வந்தது, அதன் சாப்பாட்டுக்குத்தான் கதவு மூடியது.

பெனினில் உய்தா என்ற கரையோர நகரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பதும் இதே பந்து மலைப்பாம்புதான். சனம் அதைக் கொல்லாது. இரை தேட அவற்றை இரவில் வெளியே விடுவார்கள் என்று சொல்கிறார்கள். வீட்டுக்குள் வந்த பாம்பைக் கண்டால், தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிட்டு வருவார்களாம். இரவில் அது என்ன தின்றது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.