பல்பகுதியக் குறைகடத்திப் படலங்களில் மின்னேற்ற நகர்வு

ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் காபன் சங்கிலிகளைக் கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் சுழற்றிப் பூசி உலர்த்தினால் கிடைப்பது பல்பகுதியக் குறைகடத்திப் படலம். இதன் தடிப்பு பெரும்பாலும் 100 நனோமீற்றர் அளவுதான். பிளாத்திக்கு மின்னைக் கடத்தாது என்ற நம்பிக்கையை 1977 இல் ஹீகர், மக்டயர்மிட், ஷிரகாவா ஆகியோர் உடைத்தனர். பொலியசற்றிலீனில் அவர்கள் அயடீனைச் சேர்த்தபோது அதன் கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. இதற்காக 2000 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

சிலிக்கன் பளிங்கில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் இலத்திரன் அலையாகப் பரவிச் செல்கிறது. பல்பகுதியத்தில் அந்த ஒழுங்கு இல்லை. சங்கிலி முறுக்கிக்கொள்ளும் இடங்களில் பாதை துண்டுபடுகிறது. ஒரு துண்டில் வந்து தங்கும் ஏற்றம் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களைச் சற்றே இழுத்து வளைத்து, போலரன் என்ற நிலையை அடைகிறது. அங்கிருந்து அடுத்த துண்டுக்கு அது தாவித்தான் போகவேண்டும். ஒரே சங்கிலியின் நெடுக்கே ஓட்டம் விரைவானது. சங்கிலிக்குச் சங்கிலி தாவுவதுதான் தாமதம். பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு பஸ்ஸில் வந்துவிடலாம், இறங்கியபின் லயத்துக்கு ஏறும் குறுக்குப்பாதைதான் நேரத்தைத் தின்னும் என்பதைப் போன்றது இது.

துண்டுகளின் ஆற்றல் மட்டங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் பரவல் 0.1 இலத்திரன்வோல்ட் அளவுக்கு இருக்கும். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலோ 0.025 இலத்திரன்வோல்ட்தான். ஆகவே மேட்டிலுள்ள துண்டுக்குத் தாவ ஏற்றம் வெப்பத்தின் உதவிக்குக் காத்திருக்கிறது. சூடு ஏறினால் உலோகத்தின் கடத்துதிறன் குறையும், இங்கே கூடும். தடையாற்றல் 0.2 இலத்திரன்வோல்ட் என வைத்துக் கணக்கிட்டால், 15 பாகை செல்சியஸ் நிலவும் மடுல்சீமை விடியலில் உள்ளதைவிட, 33 பாகை நிலவும் யாழ்ப்பாண நண்பகலில் அசைதிறன் (மின்புலத்தில் ஏற்றம் நகரும் எளிமை) ஏறத்தாழ 1.6 மடங்காகும்.

அசைதிறனுக்கு ஒரே எண்ணைக் குறிப்பிடும் அட்டவணைகளை நம்பிவிடக்கூடாது. சிலிக்கனில் இலத்திரனின் அசைதிறன் வோல்ட்–செக்கனுக்கு சுமார் 1400 சதுர சென்ரிமீற்றர். பொலிதயோபீன் வகையான பி3எச்டியில் அது 0.1ஐ எட்டுவதும் உண்டு, 0.0001 ஆகச் சுருங்குவதும் உண்டு. ஒரே பல்பகுதியத்தைத் திரான்சிஸ்டரிலும் இருவாயியிலும் அளந்தால் ஆயிரம் மடங்குவரை வேறுபாடு வரலாம். காரணம், திரான்சிஸ்டரில் ஏற்றங்கள் நெருக்கமாகத் திரள்கின்றன. முதலில் வருபவை ஆழமான குழிகளை நிரப்பிவிட, பின்னால் வருபவை தடையின்றிப் போகின்றன. சங்கிலிகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்து நிற்கின்றனவா, படலம் மெல்ல உலர்ந்ததா, பிறகு சூடேற்றப்பட்டதா என்பவையும் விளைவை மாற்றும். மூலக்கூறை வடிவமைத்தவரின் திறமைக்குச் சமமாகப் படலம் பூசுபவரின் கையும் இங்கே பேசுகிறது.

இத்துறையில் இலங்கைத் தமிழரின் பங்கும் உண்டு. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியரான புண்ணியமூர்த்தி ரவிராஜன், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜெனி நெல்சன் முதலியோருடன் சேர்ந்து, தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் புளோரீன்–தயோபீன் பல்பகுதியத்தையும் இணைத்த சூரியக்கலம் பற்றிய ஆய்வை 2004 இல் வெளியிட்டார். (இப்பெயரிலுள்ள புளோரீன் ஒரு காபன் வளையச் சேர்மம்; பற்பசையில் உள்ள மூலகம் அல்ல.) அக்கலத்தில் ஒளியை உறிஞ்சுவதும் நேரேற்றத் துளைகளை (இலத்திரன் நீங்கிய வெற்றிடங்களை) சுமப்பதும் பல்பகுதியத்தின் வேலை, இலத்திரன்கள் ஒட்சைட்டின் வழியே வெளியேறுகின்றன. பல்பகுதியத்தில் ஒளி உருவாக்கும் இலத்திரன்–துளைச் சோடி சுமார் 10 நனோமீற்றர் நகர்வதற்குள் அழிந்துவிடும் என்பதால், இரு பொருள்களும் நுண்ணிதாகப் பின்னிக் கிடக்கவேண்டும்.

பல பல்பகுதியங்களில் துளைகள் நன்றாக நகர, இலத்திரன்கள் சிக்கிக்கொள்கின்றன. படலத்துள் புகும் நீரும் ஒட்சிசனும் இலத்திரனைப் பிடித்துவைக்கும் பொறிகளை உண்டாக்குவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆய்வுகூடங்களில் நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் படலம் பூசுவது இதனால்தான். மூட்டம் இறங்கும் மலைக்கூரையில் இத்தகைய கலத்தைப் பொருத்துவதானால், ஈரம் புகாதபடி விளிம்புவரை கண்ணாடியால் மூடி அடைத்திருக்க வேண்டும்.